தூருக்கு நாலு வயது, கழிக்கு ஒரு வயது: கடலூர்ப் பக்கம் ஒரு மூங்கில் வரிசை

கடலூரிலிருந்து புதுச்சேரி வரை கடலோரமாக வந்தால், கழி என்று எதைச் சொன்னாலும் அது சவுக்குதான். பந்தல்கால் சவுக்கு, சென்ட்ரிங் முட்டு சவுக்கு, வாழைக்குக் கொடுக்கிற முட்டும் சவுக்கு. மணல்பாங்கான நிலத்தில் நட்டுவிட்டால் நாலைந்து வருடத்தில் வியாபாரி ஆளோடு வந்து வெட்டி, டன் கணக்கில் எடை போட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். வெட்டுக்கூலி, லாரி வாடகை எதுவும் விவசாயி தலையில் விழாது. இப்படி ஒரு சந்தை கண்ணெதிரே இருக்கும்போது ஒருவர் மூங்கில் நடுகிறார் என்றால் அதற்குத் தனிக் காரணம் இருக்க வேண்டும்.

இந்தக் குடும்பத்துக்கு அந்தக் காரணம் காற்று. (பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ராமாபுரம் பக்கத்துச் செம்மண் மேட்டு நிலம் என்பது போதும்.) அந்தப் பக்கம் வாழை போடுகிறவர்களுக்குக் கோடை மழை என்றாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். மழைக்கு முன்னால் அரைமணி நேரம் சூறைக்காற்று அடித்தால் போதும், தார் விட்ட மரமெல்லாம் நடுத்தண்டில் முறிந்து படுத்துவிடும். வாழைக்கு முன்னால் அவர்களிடம் முந்திரி இருந்தது. 2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது, பண்ருட்டி வரை முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அதில் இவர்களுடையதும் போனது. முந்திரி மறுபடி காய்க்கும் வரை காத்திருக்க முடியாமல் வாழைக்கு மாறினார்கள். வாழையைக் காக்க மேற்கு வரப்பில் உயரமாக ஏதாவது நிற்க வேண்டும் என்று மகன் 2018-ல் மூங்கில் நட்டார். அப்போது விற்பது பற்றி யாரும் யோசிக்கவில்லை.

நான் கட்டட வேலை பார்ப்பவன். இந்தக் கதைக்குள் வந்தது பின்னால்தான், புதுச்சேரியில் ஒரு விருந்தினர் விடுதியின் மொட்டைமாடியில் மாவு கொட்டத் தொடங்கிய பிறகு. அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

நடுவதற்கு முன்

2018 என்ற வருடம் தற்செயலாக அமைந்ததல்ல. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மூங்கிலை மரக்கணக்கில் வைத்திருந்தது. தாவரவியல்படி அது புல். நெல்லுக்கும் கரும்புக்கும் பங்காளி. ஆனால் மரம் என்று எழுதிவிட்டதால், சொந்தப் பட்டா நிலத்தில் வளர்த்ததை வெட்டவும் ஏற்றவும்கூடப் பல இடங்களில் அனுமதிச் சீட்டுக்கு அலைய வேண்டியிருந்தது. 2017 நவம்பரில் வந்த அவசரச் சட்டமும், அடுத்த ஜனவரியில் அதை நிலைப்படுத்திய திருத்தமும் காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டன. காட்டு மூங்கிலுக்குப் பழைய கட்டுப்பாடு அப்படியே இருக்கிறது. அதே 2018-ல் தேசிய மூங்கில் இயக்கத்தையும் புதுப்பித்தார்கள். செடிக்கு மூன்று வருடச் செலவு 240 ரூபாய் என்று வைத்து, அதில் பாதியை மானியமாகத் தருவது திட்டம். இந்தக் குடும்பம் மானியத்துக்குப் போகவில்லை. வரப்போரம் நடும் ஐம்பது செடிக்கு யார் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைவது என்று பெரியவர் கேட்டாராம். நியாயமான கேள்விதான்.

அக்கம்பக்கத்தில் மூன்று ஆட்சேபணைகள் வந்தன. முதலாவது, மூங்கில் வைத்தால் நிலமெல்லாம் பரவிவிடும் என்பது. கிழங்கை நீளமாக ஓடவிட்டுப் பரவும் இனங்கள் உண்டு, ஆனால் அவை சீனா, ஜப்பான் போன்ற குளிர்ப்பகுதிக்காரர்கள் கவலைப்பட வேண்டியவை. நம் வெப்பநிலத்து மூங்கில்கள் தூர் கட்டி ஒரே இடத்தில் நிற்பவை. வருடத்துக்கு ஓரடி, இரண்டடி அகலுமே தவிர ஓடாது. அதற்காகப் பிரச்சினையே இல்லை என்றும் சொல்ல முடியாது. மேல்மண்ணில் படரும் சல்லிவேர்கள் வாழையின் தண்ணீரையும் உரத்தையும் திருடும். அதனால் மூங்கிலுக்கும் வாழைக்கும் நடுவே இரண்டடி ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் எடுத்து, வருடா வருடம் அதில் எட்டிப் பார்க்கும் வேரை மண்வெட்டியால் நறுக்குகிறார்கள்.

இரண்டாவது, பாம்பு. இது உண்மை. உதிர்ந்த இலை மெத்தை மாதிரி சேரும், அதில் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். தூரடியைக் கூட்டி, இலையை வாழைக்கு மூடாக்காகப் போட்டுவிட்டால் ஓரளவு குறையும். மூன்றாவது ஆட்சேபணை பெரியவரின் அம்மாவிடமிருந்து வந்தது. பாடைக்கு வெட்டுகிற பச்சை மூங்கிலை வீட்டு வாசலுக்கு எதிரேயா வைப்பீர்கள் என்றார். "ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி, மூங்கில்போல் முசியாமல் வாழணும்னு கல்யாணத்துல வாழ்த்துறதும் நீதானே ஆயா" என்று பேரன் மடக்கினாராம். ஆயா சமாதானம் ஆகவில்லை. ஆனால் மேற்கு வரப்பு வீட்டு வாசலிலிருந்து தெரியாது என்பதால் விட்டுவிட்டார்.

எந்த மூங்கில் என்பதில் மகன் ஒழுங்காக விசாரித்தார். முள் மூங்கில் நல்ல பருமனாக வரும், ஆனால் அடிக்கிளை முழுக்க முள் பின்னிக்கொண்டு கிடக்கும். உள்ளே நிற்கும் முற்றிய கழியை எடுப்பதற்குள் வெட்டுகிறவன் கை கிழிந்துவிடும். கல் மூங்கில் வறட்சி தாங்கும், உள்ளே கிட்டத்தட்டக் கெட்டியாக இருக்கும். சிலம்பக் கம்புக்கும் தடிக்கும் அது போல வராது, ஆனால் ஒல்லி. கடைசியில் வடகிழக்குப் பக்கத்திலிருந்து வந்த பால்குவா இனத்தைத் தேர்ந்தெடுத்தார். முள் இல்லை, சுவர் தடிமன், திசு வளர்ப்பு நாற்றாகக் கிடைக்கிறது. நாலு மீட்டருக்கு ஒரு குழி எடுத்து, வாழைக்குப் போகும் சொட்டுநீர்க் குழாயிலிருந்தே ஒரு கிளை இழுத்துவிட்டார்.

ஒல்லியும் பருமனும்

மூங்கிலைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் அது வளரும் வேகத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். உலகத்தில் சில இனங்கள் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் வளர்ந்ததாகப் பதிவு உண்டு. அது உண்மைதான், ஆனால் விவசாயிக்கும் கட்டுகிறவனுக்கும் தெரிய வேண்டியது வேறு. மூங்கில் குருத்து எந்தப் பருமனில் மண்ணை விட்டு வெளியே வருகிறதோ அதுதான் அதன் கடைசிப் பருமன். மரம் மாதிரி வருடா வருடம் சுற்றளவு ஏறாது. மூன்று நாலு மாதத்தில் முழு உயரத்தை எட்டிவிடும். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் உள்ளேதான்: சதை இறுகும், நார் கெட்டிப்படும், ஈரமும் மாவுச்சத்தும் குறையும். அதற்கு மூன்றிலிருந்து ஐந்து வருடம் ஆகும்.

இன்னொன்று. நட்ட முதல் வருடம் வரும் கழி சுண்டுவிரல் கனம். அடுத்த வருடம் வருவது கட்டைவிரல் கனம். கிழங்கு பலப்படப் பலப்பட ஒவ்வொரு மழைக்கும் வரும் கழி முந்தையதைவிடப் பருமனாக வரும். அதாவது இளம் தூரில் கண்ணைக் கவரும் பருத்த கழி எதுவோ, அதுதான் வயதில் சின்னது. ஒல்லியாக, மங்கலாக, உள்ளே நிற்பதுதான் மூத்தது. வாங்க வருகிறவர் கை பருத்ததன் மேல்தான் போகும்.

2022-ல் அப்படித்தான் நடந்தது. புதுச்சேரி ஒயிட் டவுன் பக்கம் ஒரு சின்ன விடுதி. மொட்டைமாடியில் மூங்கிலில் ஒரு நிழல்கூடம் கட்டி, அங்கே காலை உணவு கொடுக்க வேண்டும் என்று உரிமையாளருக்கு ஆசை. அவருடைய கட்டுமான ஆள் விசாரித்துக்கொண்டே போய் இந்த நிலத்தைக் கண்டுபிடித்தார். "நாலு வருஷத்து மூங்கில்தானே?" என்று கேட்டார். நட்டு நாலு வருடம் ஆனது என்று மகன் சொன்னார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. தூருக்கு நாலு வயது. வெட்டிப்போன கழிகளில் பெரும்பாலானவைக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. கட்டடத்துக்கான இந்தியத் தரநிலை, ஐஎஸ் 15912, கழிக்குக் குறைந்தது நாலு வயது கேட்கிறது. அந்தக் காகிதத்தை அன்று யாரும் பார்க்கவில்லை.

மாவு கொட்டிய மாடி

கூடம் அழகாகத்தான் வந்தது என்று விடுதிக்காரர் காட்டிய படங்களில் தெரிந்தது. பச்சையாகவே வெட்டி வந்து, மேலே வார்னிஷ் அடித்து, மூன்று அங்குல ஆணியால் இணைத்திருந்தார்கள். என்னைக் கூப்பிட்டபோது தரை டைல்ஸில் கடலைமாவு மாதிரி ஒரு பொடி சின்னச் சின்னக் குவியலாகக் கிடந்தது. காலையில் பெருக்கினால் சாயங்காலம் மறுபடி இருக்கும். சாப்பிடுகிறவர் தட்டில் விழுந்து புகார் வந்த பிறகுதான் பயந்திருக்கிறார். மேலே பார்த்தால் குண்டூசித் தலை அளவுக்குத் துளைகள். கணுவுக்குப் பக்கத்திலும் வெட்டுவாயிலும் அதிகம், மேல்தோலில் குறைவு. கழியைக் கட்டைவிரலால் அமுக்கினால் வார்னிஷ் படலம் மட்டும் விரிசல் விட்டு, உள்ளே பொக்கென்று போனது. நம் ஊரில் உளுத்துப் போச்சு என்பார்களே, அதேதான்.

துளை போட்டது ஒரு சின்ன வண்டு. அதற்கு மூங்கில் மேல் தனிப் பகை எதுவும் கிடையாது. அதற்கு வேண்டியது மாவுச்சத்து. இளங்கழியில் அது நிறைய இருக்கிறது. வெளித்தோல் கெட்டி, சிலிக்கா உள்ள தோல். அதில் வண்டு ஏறச் சிரமப்படும். வெட்டிய முனை, கிளை சீவிய காயம், ஆணி அடித்த ஓட்டை வழியாக உள்ளே போய்விடும். வார்னிஷ் வெளியே பூசுவது. அந்த வண்டுக்கு அது தடையே இல்லை.

ஆணி இன்னொரு தொல்லை. மூங்கிலின் பலமெல்லாம் நீளவாக்கில் ஓடும் நாரில் இருக்கிறது; இழுத்தால் தாங்கும், வளைத்தால் தாங்கும். குறுக்கே பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. ஓட்டை போடாமல் ஆணி அடித்தால் நாரோடு நாராகப் பிளந்துகொண்டு போகும். இங்கே ஏறக்குறைய எல்லா இணைப்பிலும் கீறல் இருந்தது. கடற்காற்றில் ஆணி துருப்பிடித்து, கீறல் வழியாகத் துருநீர் வழிந்த கோடும் இருந்தது. மொத்தத்தையும் பிரித்துவிடலாம் என்றேன். விடுதிக்காரருக்குக் கோபம் மூங்கில் மேல். "பெங்களூர் ஏர்போர்ட்டே மூங்கில்லதான் கட்டியிருக்காங்க, எனக்கு மட்டும் எப்படி உளுத்துப்போகும்?" என்று செல்போனில் படம் காட்டினார். 2022-ல் திறந்த அந்த இரண்டாவது முனையத்தில் கூரையடியில் தெரிவது ஆலையில் பதப்படுத்தி, தரம் பார்த்துத் தயாரித்த மூங்கில். வரப்பில் பச்சையாக வெட்டி ஆட்டோவில் ஏற்றிய கழியை அதோடு ஒப்பிட முடியாது. இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தார், அப்புறம் சரி, மூங்கிலிலேயே ஒழுங்காகக் கட்ட என்ன செய்யணும் என்று கேட்டார். இந்த ஆய்வு எழுத முடிந்ததே அந்தக் கேள்வியால்தான். சவுக்குக்கோ இரும்புக்கோ அவர் மாறியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

வெண்காரத் தொட்டி

ஆரோவில் பக்கத்தில் மூங்கில் மையம் இருப்பது எங்களுக்கு வசதி. அங்கே கட்டுமானம், பதப்படுத்தல் இரண்டுக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள். விவசாயியின் மகன் போய்க் கற்றுக்கொண்டு வந்தார். பெரிய ரகசியம் எதுவும் இல்லை. வெண்காரமும் (போராக்ஸ்) போரிக் ஆசிடும் தண்ணீரில் கரைத்து, அதில் கழியை ஊறப்போடுவதுதான். நூறு லிட்டருக்கு மூன்று கிலோ வெண்காரம், இரண்டு கிலோ போரிக் ஆசிட். வெந்நீரில் கரைத்துப் பிறகு ஊற்றினால் சீக்கிரம் கரையும். பழைய காலத்தில் குளத்திலோ ஓடையிலோ வாரக்கணக்கில் ஊறப்போட்டு மாவுச்சத்தை இறக்குவார்கள். அதுவும் ஓரளவு வேலை செய்யும், ஆனால் எடுக்கும்போது வரும் நாற்றத்தோடு விடுதி மாடியில் ஏற்ற முடியாது.

தொட்டி என்று நான் சொல்வது இருபதடி நீளத்துக்கு ஒரு பள்ளம். பக்கவாட்டில் செங்கல் அடுக்கி, உள்ளே தடிமன் தார்பாய் விரித்தது. வேலையில் கடினமானது தொட்டி அல்ல, கணு. ஒவ்வொரு கணுவிலும் உள்ளே ஒரு தடுப்பு இருக்கிறது. அதை உடைக்காவிட்டால் கரைசல் உள்ளே போகாது, கழியும் மிதக்கும். பன்னிரண்டு எம்எம் கம்பி ஒன்றின் முனையைப் பட்டறையில் கூராக்கி, கழியைத் தரையில் படுக்கவைத்து ஒருவர் காலால் அழுத்திக்கொள்ள, இன்னொருவர் கம்பியை இடித்து இடித்து உள்ளே செலுத்துவார். ஒவ்வொரு தடுப்பும் உடையும்போது டப் என்று சத்தம் வரும், கம்பி ஒரு சாண் உள்ளே போகும். அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டே வந்தால் எத்தனை கணு மிச்சம் என்று தெரிந்துவிடும். கடைசித் தடுப்பு உடைந்ததும் மறுமுனையில் வெள்ளையாகச் சவ்வும் தூளும் கொட்டும். பிறகு தொட்டியில் ஒருபக்கமாகச் சாய்த்து இறக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் காற்று குமிழ் விட்டு வெளியேறும். மேலே கல் வைத்து ஒரு வாரம் முதல் பத்து நாள். எடுத்து நிழலில் நிறுத்திவைத்து உலர்த்த இன்னும் சில வாரம். வெயிலில் போட்டால் வெடிக்கும்.

ஊறிய கரைசலை வீணாக்காமல் குறைந்ததை நிரப்பித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். பெரியவர் அதை வாழைக்குப் பாய்ச்சலாமா, போரான் சத்துதானே என்று கேட்டார். கூடாது. பயிருக்கு வேண்டிய போரான் துளியூண்டு. இந்த அளவு போனால் இலையோரம் கருகும்.

இந்தப் பதப்படுத்தலுக்கு ஒரு எல்லை உண்டு, அதை விற்கிறவர்கள் அழுத்திச் சொல்வதில்லை. போரான் தண்ணீரில் கரைந்து ஏறியது, தண்ணீரிலேயே கரைந்து இறங்கும். மழையில் நனையும் கழிக்கும் மண்ணில் புதைத்த காலுக்கும் இது நிற்காது. அதனால் இரண்டாவது முறை கட்டியபோது திறந்த பந்தல் வேண்டாம் என்று சொல்லி, மேலே தென்னங்கீற்று வேய்ந்து, விளிம்பை இரண்டரை அடி வெளியே தள்ளினோம். கால்கள் தரையைத் தொடாதபடி கான்கிரீட் கட்டையில் ஜிஐ குழாயை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) நிறுத்தி, அதன் மேல் கழியைச் செருகினோம். இணைப்பில் கழியின் வாயை அரைவட்டமாகக் குடைந்து மற்றதன் மேல் உட்காரவைத்து, துளை போட்டு போல்ட் மாட்டினோம். போல்ட் போகும் கணுவிடை மட்டும் சிமெண்ட் கலவை ஊற்றி அடைத்தது, இறுக்கும்போது நசுங்காமல் இருக்க. முதல் தடவை ஆன செலவைவிட அதிகம் ஆனது. விடுதிக்காரர் முணுமுணுத்தார், கொடுத்தார்.

யாருக்கு எந்த வயது

இந்தக் கூடத்துக்கு வேண்டிய கழியை அந்த வருடம் நிலத்தில் தேடியபோதுதான் உண்மையான பிரச்சினை வெளிப்பட்டது. எந்தக் கழி எந்த வருடத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. இளங்கழியில் கணுவை மூடிய மடல் ஒட்டிக்கொண்டிருக்கும், மேலே வெண்மையாகச் சாம்பல் பூத்திருக்கும். முற்றியதில் பளபளப்புப் போய்ப் பாசிப்புள்ளி படியும், விரலால் சுண்டினால் கணீரென்று கேட்கும். முதல் வருடத்தையும் நாலாவது வருடத்தையும் இப்படிப் பிரித்துவிடலாம். இரண்டுக்கும் நடுவில் இருப்பதில் எல்லோரும் குத்துமதிப்புதான். அந்த மழைக்காலம் முடிந்ததும் மகன் வீட்டில் மிஞ்சிக் கிடந்த எனாமல் பெயிண்டை எடுத்து, அந்த வருடக் கழி எல்லாவற்றுக்கும் இடுப்பு உயரத்தில் ஒரு மஞ்சள் பட்டை அடித்தார். அடுத்த வருடத்துக்கு நீலம், அதற்கடுத்து வெள்ளை. பழைய கழிகளில் முடிந்தவரை கணித்துச் சிவப்பு. ஒரு டப்பா பெயிண்ட் செய்த இந்த வேலையைத்தான் நான் இந்த நிலத்தில் நடந்த மிக முக்கியமான மாற்றமாகப் பார்க்கிறேன், தொட்டியைவிடவும்.

ஏனென்றால் அதற்குப் பிறகுதான் யாருக்கு எதை விற்பது என்று தெளிவானது. பண்ருட்டிப் பக்கம் கூடை முடையும் ஒரு அம்மா கழி பார்க்க வந்தார். மகன் பெருமையாகச் சிவப்புப் பட்டையைக் காட்டினார்.

"எனக்கு இந்த முத்தல் வேணாம் தம்பி. கத்தியே ஏறாது. போன மழைக்கு வந்தது இருக்குதே, அதை வெட்டிக் குடு."

"அது இன்னும் முத்தலையே அம்மா, உளுத்துடுமே."

"நீ கட்டடக்காரனுக்குச் சொல்றத எனக்குச் சொல்லாத. கூடைய அடுப்பு மேல புகையில தொங்கவிட்டா எந்தப் பூச்சி வரும்?"

ஒரு கழியை எடுத்துப் பிளந்து காட்டினார். முனையில் கத்தியை வைத்து ஒரு தட்டு. அப்புறம் கத்தியைத் திருப்பித் திருப்பித் தள்ளத் தள்ள அது தானாகப் பிளந்துகொண்டு போனது. பிளாச்சை மறுபடி பிளந்து, உள்சதையை உரித்தெறிந்து, தோல்பக்கத்தை மட்டும் சிம்பாகச் சீவினார். பால்குவாவில் அவருக்குக் குறையும் இருந்தது. சுவர் தடிமன் என்பதால் தூக்கியெறிகிற உள்சதை அதிகம், கணுவும் கிட்டக் கிட்ட. முறத்துக்கு இது ஆகாது, எருக்கூடைக்கும் தட்டிக்கும் பலாக் கூடைக்கும் சரி என்றார். கட்டுகிறவனுக்குப் பிடித்த தடிமன் முடைகிறவருக்கு நஷ்டம். மூங்கிலுக்கு ஆயிரம் பயன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அந்த ஆயிரமும் ஒரே கழியில் இல்லை, இனமும் வயதும் மாற மாற மாறுகிறது.

மற்ற வாடிக்கையாளர்களும் இப்படித்தான் வயதோடு பொருந்தினார்கள். முந்திரி, முருங்கை பறிக்கத் துறட்டி கேட்கிறவர்களுக்கு இரண்டு மூன்று வயதுக் கழி, நீளம் முக்கியம், எடை குறைவாக இருக்க வேண்டும். ஏணிக்கு முற்றல். துக்க வீட்டிலிருந்து நேரம் காலம் இல்லாமல் வந்து கேட்பது பச்சை. அதற்கு வயது யாரும் பார்ப்பதில்லை, குடும்பமும் பணம் வாங்குவதில்லை. ஆரம்ப வருடங்களில் வந்த ஒல்லிக்கழிகளை என்ன செய்வது என்று இருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் புடலை, பாகல் பந்தலுக்கு அதுவே போனது. ஒரு பருவம் தாங்கினால் போதும் என்பதால் பதப்படுத்தவும் வேண்டியதில்லை.

கடைத் தட்டில் இருக்கும் மூங்கில்

விடுதி வரவேற்பறையில் மூங்கில் பல்துலக்கி, உறிஞ்சுகுழல், குவளை, துண்டு என்று ஒரு தட்டு நிறைய விற்பனைக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலும் புதுச்சேரியில் அதே வருடத்திலும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்த பிறகு இந்தச் சரக்கு பெருகிவிட்டது. குழலும் சீப்பும் நல்ல பொருள்கள். பல்துலக்கியின் கைப்பிடி மூங்கில், முடி பெரும்பாலும் நைலான். தூக்கிப் போடும்போது முடியைப் பிடுங்கிவிட்டுப் போட வேண்டும். மூங்கில் துணி என்பது பெரும்பாலும் விஸ்கோஸ். கூழாக்கிக் காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்ஃபைடிலும் கரைத்து இழையாக்கியது. மிருதுவாக இருக்கும், ஆனால் கிளம்பிய இடம் மூங்கில் என்பதைத் தவிர அதில் மூங்கிலின் குணம் மிச்சமில்லை. மூங்கில் தூளை மெலமைன் பிசினோடு கலந்து வார்த்த குவளை எனக்கு அறவே பிடிக்காது. சூடான காபி ஊற்றினால் மெலமைனும் ஃபார்மால்டிஹைடும் கசியும் என்பதால் 2021-ல் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றைச் சந்தையிலிருந்து எடுக்க முனைந்தது. நம் கடைகளில் அது இயற்கைக் குவளை என்ற சீட்டோடு நிற்கிறது. மற்ற மரங்களைவிட 35 சதவீதம் அதிக ஆக்சிஜன் தருகிறது என்று ஒரு பலகையும் அங்கே தொங்குகிறது. அதற்கு ஆதாரம் எங்கேயும் காட்டுவதில்லை. மூங்கிலுக்கு அந்தப் பலகை தேவையும் இல்லை.

விவசாயிக்கு இந்தத் தட்டால் நேரடி லாபம் எதுவும் வரவில்லை. அவர் நிலத்துக் கழி அங்கே போகவில்லை. ஊதுவத்திக் குச்சி நல்ல சந்தை என்று ஒருவர் சொன்னார். இறக்குமதிக் குச்சிக்கு 2020-ல் சுங்கவரியை 10-லிருந்து 25 சதவீதம் ஆக்கியது உண்மைதான். ஆனால் வட்டக்குச்சி சீவ இயந்திரமும், கணுவிடை நீளமான இனமும், இடைவிடாத சரக்கும் வேண்டும். வரப்போரத்து ஐம்பது தூரால் அது முடியாது.

ஃபெஞ்சல்

எந்தக் காரணத்துக்காக நட்டார்களோ அதற்கு 2024 நவம்பர் 30 இரவில் சோதனை வந்தது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூர் ஓரம் ஊர்களுக்குள் புகுந்தது. மேட்டு நிலத்துக்கு வெள்ளம் வரவில்லை, காற்று வந்தது. புயலின் மையம் வடக்கே இருந்ததால் இங்கே காற்று மேற்கிலிருந்து அடித்தது, மூங்கில் நின்ற அதே பக்கம். மறுநாள் பார்த்தபோது மூங்கில் கிழக்கே சாய்ந்து, மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது. அந்த மழைக்கு வந்த இளங்குருத்துகளில் நிறைய நுனி முறிந்திருந்தது. வாழையில் வரிசையை ஒட்டிய பகுதி ஏறக்குறைய முழுசாக நின்றது. தள்ளிப் போகப் போகச் சாய்ந்தது அதிகம்; கிழக்கு ஓரத்தில் மூங்கில் இருந்ததற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் தெரியவில்லை. தானே அளவுக்குக் காற்று அடித்திருந்தால் இந்த வரிசை என்ன ஆகியிருக்கும் என்பது வேறு கணக்கு. ஃபெஞ்சலின் காற்று அதைவிட நல்ல குறைவு.

விடுதி மாடியில் கீற்று பாதி பறந்துவிட்டது. சட்டம் நின்றது. கீற்றைக் கட்டியிருந்த தேங்காய்நார்க் கயிறு சில இடத்தில் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். துளையோ மாவோ இதுவரை இல்லை. இரண்டு வருடத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது, ஆனால் முதல் கூடம் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை.

இப்போது

வாழை இருக்கும் நிலம் முழுக்க மூங்கில் போட்டால் என்ன என்று மகன் ஒருமுறை கேட்டார். பெரியவர் வேண்டாம் என்றார், நானும் வேண்டாம் என்றேன். ஏக்கருக்கு இருநூறு, இருநூற்றைம்பது தூர் போடலாம், வளரும், அதில் சந்தேகமில்லை. டன் கணக்கில் மொத்தமாக எடுக்கும் ஆலை பக்கத்தில் இல்லாதபோது, அத்தனை கழியையும் வயது பார்த்து வெட்டி, கணு உடைத்து, ஊறவைத்து, ஆள் பார்த்து விற்பது யார்? சவுக்கு வியாபாரி மாதிரி ஒருவர் மூங்கிலுக்கு இந்தப் பக்கம் இன்னும் உருவாகவில்லை. கூடவே பூ என்ற அபாயமும் இருக்கிறது. மூங்கில் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும், பூத்ததும் தூர் செத்துவிடும். திசு வளர்ப்பு நாற்று எல்லாம் ஒரே தாயிடமிருந்து வந்தவை என்றால் ஒன்றாகவே பூக்கும். வரப்புக்கு அது தாங்கக்கூடிய இழப்பு. மொத்த நிலமும் அதுவே என்றால் ஒரே வருடத்தில் எல்லாம் காலி.

உடனடி வேலை தூரைப் பிரிப்பது. ஏழெட்டு வருடத்தில் நடுவில் கழிகள் நெருக்கியடித்து, உள்ளே நிற்கும் முற்றலை எடுக்க வழியில்லாமல் போய்விட்டது. ஓரத்தில் நிற்பதை வெட்டுவது சுலபம். ஆனால் ஓரத்தில் நிற்பதுதான் இளசு, அதை எடுத்தால் தூர் அகலாது. குதிரைலாட வடிவத்தில் ஒருபக்கம் வாயைத் திறந்து உள்ளே போய், முற்றலைத் தரையிலிருந்து முதல் கணுவுக்கு மேலே, தண்ணீர் தேங்காதபடி கணுவை ஒட்டி வெட்ட வேண்டும். குருத்து வரும் மழைக்காலத்தில் கை வைக்கக் கூடாது. பொங்கல் கழிந்து, தை மாதத் தேய்பிறையில் ஆரம்பிக்கலாம் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். தேய்பிறையால் பூச்சி குறையும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வெட்டுவதற்கு ஆள் கிடைக்கிற மாதம் அது என்பதால் நானும் சரி என்றேன். முதலில் சிவப்புப் பட்டை, அது முடிந்தால் மஞ்சள். நீலத்தைத் தொடக் கூடாது என்று வெட்டுகிறவர்களிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்கள்.